விலை கொடுத்து வாங்கிய மின்னூல்கள் யாருக்குச் சொந்தம்?

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவர் சென்ற ஆண்டு காலமானார். கணவர் தீவிர வாசகர். பார்வை மங்கத் தொடங்கியதும், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதற்காக மின்னூலுக்கு மாறியவர். பதினோரு ஆண்டுகளில் ஏறத்தாழ 350 மின்னூல்களை ஒரே நிறுவனத்திடம், ஒரே கணக்கில் வாங்கியிருக்கிறார். படித்தவற்றில் பிடித்த வரிகளை அடையாளமிட்டு, அங்கங்கே தன் கருத்துகளையும் தட்டச்சு செய்துவைத்திருக்கிறார். அந்தக் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றித் தருமாறு வாசகி கேட்டபோது, கணக்கை யாருக்கும் மாற்ற இயலாது என்றும், வேண்டுமானால் மூடிவிடலாம் என்றும் நிறுவனத்திடமிருந்து பதில் வந்திருக்கிறது.

இதற்கிடையே வாசகியின் சொந்தக் கணக்கிலிருந்தும் ஒரு வரலாற்று நூல் காணாமல் போயிருக்கிறது. அக்கா மகனிடம் கேட்டால், “ஏற்கிறேன் என்று அழுத்தியபோதே எல்லாம் முடிந்துவிட்டது, சித்தி. உங்களுக்கு இதில் ஒரு உரிமையும் கிடையாது” என்கிறார். கூடவே, மின்னூல்களை நகலெடுக்க விடாமல் தடுக்கும் டிஜிட்டல் பூட்டை உடைக்கும் மென்பொருள் ஒன்றையும் நிறுவித் தருவதாகச் சொல்கிறார். அப்படி உடைத்து எடுக்கும் 350 நூல்களையும் தான் வேலைபார்த்த பள்ளியின் நூலகத்துக்குக் கணவர் நினைவாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது வாசகியின் ஆசை. “விலை கொடுத்தோம், ரசீது இருக்கிறது. கடைக்காரர் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக முடியுமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள அம்மா,

உங்கள் துயரத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நீங்கள் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அவசரமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அவருடைய குறிப்புகள்

நூல்களின் பதிப்புரிமை அவற்றை எழுதியவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் உரியது. ஆனால் நூலின் ஓரத்தில் உங்கள் கணவர் எழுதிய குறிப்புகள் அவருடைய எழுத்து. அவற்றின் பதிப்புரிமை அவருடையது. அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதியவர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். அந்த 350 நூல்களில் சந்தேகமே இல்லாமல் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமானது இந்தக் குறிப்புகள்தான். கணக்கு மூடப்பட்டால் நிறுவனத்தின் சர்வரில் இருப்பவற்றை நீங்கள் மீண்டும் பார்க்க முடியாமல் போய்விடும். எனவே, கணக்கை மூடச் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் இப்போதைக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

அவர் பயன்படுத்தியது அமேசான் நிறுவனத்தின் கிண்டில் வாசிப்புக் கருவி என்றால், அதைக் கேபிள் மூலம் கணினியோடு இணையுங்கள். ‘டாக்குமென்ட்ஸ்’ என்ற கோப்புறைக்குள் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்றொரு எளிய உரைக்கோப்பு இருக்கும். திறந்து பார்த்தால், ஒவ்வொரு பதிவிலும் நூலின் பெயர், இடம், அவர் குறித்த தேதி, நேரம், அதன் கீழே அடையாளமிட்ட வரி அல்லது அவர் எழுதிய குறிப்பு என்று வரிசையாக இருக்கும். அந்தக் கோப்பை இரண்டு மூன்று இடங்களில் நகலெடுத்து வையுங்கள், அச்செடுத்தும் வையுங்கள். வேறு நிறுவனத்தின் செயலி என்றால், குறிப்புகளை மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அடையாளமிட்ட வரிகளில் இவ்வளவுதான் வெளியே எடுக்கலாம் என்று பதிப்பாளர்கள் வரம்பு வைப்பதுண்டு. வரம்பைத் தாண்டியவை வராது. அவற்றைத் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து நீக்கவோ, புதிதுபோல மீட்டமைக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அப்படிச் செய்தால் அதில் இறங்கியிருக்கும் நூல்களும் அழிந்துவிடும்.

நாம் வாங்குவது என்ன?

பெரிய மின்னூல் கடைகளில் விலை கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் உரிமம் மட்டுமே. இந்தக் கணக்கு வழியாக, இன்னின்ன கருவிகளில், சொந்த உபயோகத்துக்காகப் படித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. உள்ளடக்கம் விற்கப்படுவதில்லை, உரிமமாகவே வழங்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி அவர்களுடைய விதிமுறைகளுக்கு நடுவே இருக்கும். பொத்தானில் ‘வாங்கு’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு இதை மட்டும் பொடி எழுத்தில் வைப்பது நேர்மையில்லை என்றே நான் நினைக்கிறேன். கலிபோர்னியா மாநிலம் 2024இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல், திரும்பப் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற பொத்தானை வைக்கும் கடை, தருவது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகக் காட்டியாக வேண்டும். இணையத் தொடர்பில்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி கோப்பைப் பதிவிறக்க விடுகிற கடைகளுக்கு விலக்கு உண்டு. உடைமைக்கு மிக நெருக்கமானது எது என்பதை அந்த விலக்கே சொல்லிவிடுகிறது: நம் கைக்கு வந்து சேரும் கோப்பு.

அச்சுப் புத்தகத்துக்குச் சட்டம் வேறு. ஒரு அமெரிக்கப் பதிப்பாளர், தன் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும் என்று நூலிலேயே அச்சடித்து வைத்தார். மேசீஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பிரதியை விற்ற பிறகு, அந்தப் பிரதியை வாங்கியவர் அதை என்ன விலைக்கு விற்கிறார் என்பதில் பதிப்பாளர் தலையிட முடியாது என்று 1908இல் தீர்ப்பு வந்தது. இதே கருத்து வெவ்வேறு வடிவில் பல நாடுகளின் சட்டத்திலும் இருக்கிறது. பழைய புத்தகக் கடைகள் இயங்குவதும், நாம் படித்த நூலை இன்னொருவருக்குக் கொடுப்பதும் இதனால்தான்.

மின்னூலுக்கும் இது பொருந்தாதா என்று நீதிமன்றங்களில் கேட்காமல் இல்லை. விற்பவரின் கணினியிலிருந்து பாட்டுக்கோப்பை நீக்கிக்கொண்டே வாங்குபவருக்கு மாற்றித்தரும் சேவையை ரீடிஜி என்ற நிறுவனம் நடத்தியது. அப்படி மாற்றும்போதும் புதிய நகல் ஒன்று உருவாகிறது, நகலெடுப்பது பதிப்புரிமையாளருக்கு மட்டுமே உரிய உரிமை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 19 அன்று, நெதர்லாந்தின் டாம் கேபினெட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் பழைய மின்னூல் விற்பனையை ஏற்க மறுத்தது. மின்னூல் கசங்குவதில்லை, பழுப்பேறாது, செல்லரிக்காது. பழையதும் புதியதும் ஒன்றே என்பதால் மறுவிற்பனை பதிப்பாளரையும் ஆசிரியரையும் அச்சு நூலின் மறுவிற்பனையைவிட அதிகமாகப் பாதிக்கும் என்பது அதன் வாதம். விந்தை என்னவென்றால், இதே நீதிமன்றம் 2012இல், பதிவிறக்கிய கணினி மென்பொருளின் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. மென்பொருளுக்குத் தனிச் சட்டம், நூலுக்கு வேறு சட்டம் என்பது அதற்கான விளக்கம். ஆசிரியரின் வருமானத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அச்சு நூலின் விலையோடு போட்டியிடும் விலையை வாசகரிடம் வாங்கிக்கொண்டு, அச்சு நூல் தரும் உரிமைகளில் ஒன்றைக்கூடத் தராத இந்த ஏற்பாடு நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அலமாரியிலிருந்து எடுக்க முடியுமா?

தொழில்நுட்ப ரீதியாக முடியும், எடுத்தும் இருக்கிறார்கள். 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ இரண்டையும் வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. அந்தப் பதிப்பைக் கடையில் ஏற்றியவருக்கு அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு மாணவருக்கு, நூல் போனதும் குறிப்புகள் எந்த வரிக்கு எழுதியவை என்றே தெரியாமல் போய்விட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, அமெரிக்காவில் வாங்கிய நூல்களை வாசகரின் சம்மதம், பணம் திரும்பப் பெறுதல் அல்லது பணம் செலுத்தப்படாமை, நீதிமன்ற அல்லது அரசு உத்தரவு, கருவிக்கு ஆபத்து விளைவிக்கும் நிரல் போன்ற காரணங்கள் இல்லாமல் அழிப்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கடையே மூடப்படுவதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடுவதாக 2019 ஏப்ரலில் அறிவித்தது; அதுவரை விற்ற நூல்கள் எல்லாம் அந்த ஜூலையில் திறக்காமல் போயின. விலையை முழுதாகத் திருப்பித் தந்தார்கள். குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள். அழியாமல் மாறுவதும் உண்டு. ரோல்டு டாலின் சிறுவர் நூல்கள் 2023இல் திருத்தப்பட்டபோது, முன்பே மின்னூலாக வாங்கியிருந்தவர்களின் கருவிகளிலும் திருத்திய வரிகள் தாமாகவே ஏறிவிட்டதாகப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின.

உங்கள் அக்கா மகன் சொல்வதில் பாதிதான் சரி

உரிமம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. அது ஓர் ஒப்பந்தம். நீங்கள் பணம் கொடுத்துவிட்டீர்கள். எதிர்த்தரப்பும் தன் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டதாலேயே எல்லா விதியும் செல்லுபடியாகிவிடாது. ஒருதலைப்பட்சமான, நியாயமற்ற விதிகளைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்களில் இருக்கிறது. பிரிட்டன் 2015இல் டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கென்று நுகர்வோர் சட்டத்தில் தனி அத்தியாயமே சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல், வாக்களித்தபடி டிஜிட்டல் உள்ளடக்கம் கிடைக்காவிட்டால் அதைச் சரிசெய்து தரவும், முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்றவர் கடமைப்பட்டவர். எனவே காணாமல் போன வரலாற்று நூலை நீங்கள் எளிதில் விட்டுவிட வேண்டியதில்லை.

ஆனால் சண்டைக்குப் போகுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த நூலை விலை கொடுத்துத்தான் வாங்கினீர்களா, அல்லது மாதச் சந்தாவில் எடுத்துப் படித்தீர்களா? கடிதத்தில் நூலை வாங்கியதாகவும், வேறோர் இடத்தில் சந்தாவில் “சேர்த்துக்கொண்டதாகவும்” எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குழப்பம் மிகச் சாதாரணமானது. திரையில் இரண்டும் ஒரே பட்டியலில்தான் தெரியும். சந்தா நூல் இரவல் போன்றது. சந்தா நின்றாலோ, பதிப்பாளர் அந்தத் திட்டத்திலிருந்து விலகினாலோ போய்விடும். அதற்கு நிவாரணம் கேட்க முடியாது. கணக்கில் நாட்டின் பெயரை மாற்றியிருந்தாலும் சில நூல்கள் தெரியாமல் போவதுண்டு. இவை எதுவும் இல்லை, அந்த நூலுக்கென்று தனி ரசீது இருக்கிறது என்றால், உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

பூட்டை உடைக்கும் மென்பொருள்

வேண்டாம், அம்மா. உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. விலை கொடுத்த நூலைப் பாதுகாக்கத்தானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதே குற்றச்சாட்டுக்கு இடம் தரும். நூலை நீங்கள் நகலெடுத்து விற்றீர்களா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2001 முதல் இதுபோன்ற தடை இருக்கிறது. இந்தியச் சட்டம் சற்று வேறு. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் என்கிறது. அந்த ‘நோக்கம்’ என்ற நிபந்தனையால் சொந்தப் பிரதிக்காக உடைப்பவருக்கு வாதிட இடம் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வது 350 நூல்களையும் உடைத்து ஒரு நூலகத்துக்குக் கொடுப்பது. அந்த வாதம் அங்கேயே முடிந்துபோகும். சட்டத்தை விட்டாலும், இது விதிமுறை மீறல் என்று சொல்லி உங்கள் சொந்தக் கணக்கையும் முடக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

பள்ளிக்கு என்ன கொடுக்கலாம்?

உரிமத்தின் பேரில் பெற்ற மின்னூல்களை நூலகத்துக்கு வழங்க முடியாது. நூலகங்களுக்கே இது கடினமான விஷயம். மின்னூலுக்கு அவை தனி உரிமம் வாங்க வேண்டும். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம், ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் நூலகம் மறுபடி உரிமம் வாங்க வேண்டும் என்று விதி வைத்தபோது நூலகர்கள் கொதித்துப்போனார்கள்.

கணவரின் பட்டியலில் பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள் இருந்தால், அவற்றை இலவசமாகவும் பூட்டில்லாமலும் வேறு இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஆங்கில நூல்களுக்கு 1971 முதல் இயங்கும் குட்டன்பர்க் திட்டம் இருக்கிறது. மற்றவற்றில் அவர் மிகவும் நேசித்த சிலவற்றை அச்சில் வாங்கி, அந்தந்த நூல் பற்றி அவர் எழுதிய குறிப்புகளை அச்செடுத்து உள்ளே வைத்துக் கொடுங்கள். 350 கோப்புகளைவிட ஒரு மாணவருக்கு அதுதான் பயன்படும் என்பது என் எண்ணம்.

கணவரின் கணக்கு

வாசிப்புக் கருவி ஒரு பொருள். அது வாரிசுகளுக்கு வந்து சேரும். அதில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் நூல்களை நீங்கள் வீட்டில் படிப்பதில் நான் தவறு காணவில்லை. கணக்கு வேறு விஷயம். அது அவரோடு போட்ட ஒப்பந்தம். மாற்ற முடியாது என்று விதிமுறையிலேயே இருக்கும். நீதிமன்றங்கள் எப்போதும் இதை அப்படியே ஏற்பதில்லை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில், இறந்துபோன சிறுமியின் ஃபேஸ்புக் கணக்கு அவளுடைய பெற்றோருக்கு வாரிசுச் சொத்தாகச் சேரும் என்று தீர்ப்பளித்தது. அது மின்னூலைப் பற்றியதல்ல, மற்ற நாடுகளைக் கட்டுப்படுத்துவதும் அல்ல. ஆனாலும் கணக்கு என்றாலே ஆளோடு போய்விடும் என்ற வாதத்துக்கு நல்ல மறுப்பு. இதற்காக நீங்கள் நீதிமன்றம் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். செலவும் அலைச்சலும் அதிகம், முடிவு நிச்சயமில்லை. கருணை அடிப்படையில் நூல்களை உங்கள் கணக்குக்கு மாற்றித் தருமாறு மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

இனி வாங்கும்போது

காலமெல்லாம் வைத்திருக்க வேண்டிய நூலை அச்சில் வாங்குங்கள், அல்லது பூட்டில்லாமல் விற்பவர்களிடம் வாங்குங்கள். அறிவியல் புனைகதை வெளியிடும் டார் பதிப்பகம் 2012 முதல் பூட்டில்லாமலே விற்கிறது. தங்கள் தளத்திலேயே நேரடியாகக் கோப்பைத் தரும் சிறு பதிப்பாளர்களும் இருக்கிறார்கள். விற்பனைப் பக்கத்தில் ‘டிஆர்எம் இல்லை’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிஆர்எம் என்பது அந்தப் பூட்டின் பெயர். அந்தக் கோப்பும் நகலெடுத்து விற்பதற்கானது அல்ல. ஆனால் எந்த நிறுவனம் மூடினாலும் உங்களிடமே இருக்கும். ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடும் நூலுக்கு உரிமமே போதும், அதில் குறையொன்றும் இல்லை. உங்கள் கணக்கில் குடும்பப் பகிர்வு வசதி இருந்தால் இப்போதே பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு விஷயங்களையும் கலக்காதீர்கள். காணாமல் போன நூலுக்குத் தனிக் கடிதம்: ரசீது எண், வாங்கிய தேதி, இப்போது திரையில் தெரியும் செய்தியின் படம், நூலை மீண்டும் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும் என்ற கோரிக்கை, பதிலுக்கு ஒரு கெடு. இதை உங்கள் கணக்கிலிருந்து இன்றே அனுப்பலாம். கணவரின் கணக்கைப் பற்றிய கடிதத்தைக் குறிப்புகள் முழுவதும் உங்கள் கைக்கு வந்த பிறகே அனுப்புங்கள். நூல் பற்றிய கடிதத்துக்குக் கெடு முடிந்தும் பதில் வராவிட்டால், அதன் நகலோடு நீங்கள் வசிக்கும் இடத்தின் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகலாம். அப்போது வாங்கிய நாளில் நடைமுறையில் இருந்த விதிமுறையின் பிரதியும் தேவைப்படும். நிறுவனங்கள் விதிமுறைகளை மாற்றிக்கொண்டே இருப்பதால், பழைய பிரதியை அனுப்பித் தருமாறும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.